படிவத்தில் ஐந்தாவது கேள்வி வந்த கதை

இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்திருப்பார்கள். முன்பின் தெரியாத ஒருவர் எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று உலகத்துக்குக் கொடுத்த கணினி நிரல் பேக்கேஜை நம் வேலைக்குள் எடுக்கும் முன் நிரப்ப வேண்டிய படிவம் அது. பன்னிரண்டு கேள்விகள். அவற்றில் பதினொன்று எல்லா ஊரிலும் கேட்கிற கேள்விகள்தான். ஐந்தாவது மட்டும் மலையகத்து ஹட்டனில், இந்தக் கட்டடத்தில் பிறந்தது. "கடைசிப் பதிப்பை வெளியிட்டவர் யார்? நீங்களே பார்த்தீர்களா, இல்லை தெரிந்த ஆள்தானே என்று விட்டுவிட்டீர்களா?"

அலுவலகப் படிவத்தில் இப்படியும் ஒரு நக்கலா என்று உங்களில் ஒருவர் கேட்டாராம். நக்கல் இல்லை பிள்ளைகளே. அது என் தலையில் விழுந்த குட்டு. ஓய்வு பெற்று ஆறு மாதமாகிறது, வீட்டில் சும்மா இருக்கவும் எனக்குத் தெரியவில்லை. அதனால் அந்தக் குட்டின் கதையை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என்னை அறியாதவர்களுக்கு: நான் ரீட்டா. நோர்வூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தின் ஒற்றைக் காம்பராவில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தார். ஹட்டனில் கணினி வகுப்பு நடத்திக்கொண்டிருந்த நான், இந்த அலுவலகம் தொடங்கியபோது முதல் ஆளாக உள்ளே நுழைந்தேன். என் எழுத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். இத்தனை வருடம் அடக்கமாக இருந்தாயிற்று.

மூன்று வருடங்களுக்கு முன் நமக்கு ஒரு வேலை வந்தது. நோர்வூட்டைத் தாண்டி ஒரு தோட்டம். அதன் மேல் பிரிவில், எங்கள் பேச்சில் மேல் டிவிசனில், ஒரு சரிவு மண் வெடிப்பு விட்டிருந்தது. சரிவுக்கு நேர் கீழே மூன்று லயங்கள், அறுபது குடும்பங்கள். மேலே ஒரு மழைமானியை வைத்து, மழை ஓர் அளவைத் தாண்டியதும் அத்தனை பேருடைய போனுக்கும் தமிழில் செய்தி போக வேண்டும்: வீட்டை விட்டு வெளியேறி பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். ஃபெக்டரிச் சங்கு மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் கேட்காது. கோயிலில் மைக் இருக்கிறது, ஆனால் மழை பெருத்தால் முதலில் போவது கரண்ட்தான். ஆகவே போன். தென்மேற்குப் பருவமழை தொடங்க மூன்று வாரம் இருந்தது.

போன் நம்பர்களைச் சேர்த்துத் தந்தவர் செல்வமணி. அந்த டிவிசனின் மாதர் சங்கத் தலைவி, கீழ் லயத்துக் கடைசி வீட்டுக்காரி. மலையில் வேலை முடிந்து வந்து வீடு வீடாக ஏறி இறங்கி, ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் பெயரும் நம்பருமாக எழுதியிருந்தார். கொப்பியை என் கையில் தரும்போது ஒன்று சொன்னார்.

"மிஸ், எங்க ஆளுங்க லேசுல நம்பர் குடுக்க மாட்டாங்க. யார் யாரோ போன் பண்ணி கரச்சல் குடுக்குறாங்கன்னு பயம். நீங்க நம்ம நோர்வூட்டு ஆளுன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் குடுத்தாங்க."

அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் இருந்த ஆபத்து அப்போது உறைக்கவில்லை.

நமக்கு வேண்டியிருந்தது ஒரு சின்னத் துண்டு நிரல். மழைமானி தரும் அளவை வாங்கி, தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக மாறிவிடாமல், ஒரே நேரத்தில் நூற்றுச் சொச்சம் போன்களுக்கு அனுப்ப வேண்டும். நாங்களே எழுதிப் பார்த்தோம். பாதிப் போன்களில் கட்டம்தான் வந்தது. அப்படித் தேடிக்கொண்டிருந்த ஒரு நாள்தான் "தூது" என்ற பேக்கேஜ் கண்ணில் பட்டது. விளக்கக் குறிப்பு முதலில் தமிழில், அதற்குக் கீழேதான் ஆங்கிலம். எழுதியவர் பெயர் சுதாகர். ஊர் என்ற இடத்தில் தலவாக்கலை.

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அந்த இடத்தில் எத்தனையோ நாட்டு ஊர்ப் பெயர்களைப் பார்த்திருக்கிறேன், நம் பக்கத்துப் பெயரை அன்றுதான் பார்த்தேன். கண் கலங்கியது, சொல்ல வெட்கமில்லை.

அன்றே அவருக்கு எழுதினேன். மலையகத்தில் இரண்டு பேர் முதல் தடவை சந்தித்தால் என்ன கேட்போம்? எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யார் வீட்டுப் பிள்ளை. மூன்றுக்கும் ஒழுங்கான பதில் வந்துவிட்டால் அடுத்த நிமிடம் பிளேன்டீ வந்துவிடும். நானும் அதைத்தான் கேட்டேன். மறுநாளே பதில் வந்தது. தோட்டம், டிவிசன், அப்பா ஃபெக்டரியில், அம்மா மலையில், தான் இப்போது கொழும்பில் வேலை. என் அம்மாவின் தூரத்துச் சொந்தம் ஒருவர் அதே டிவிசனில் இருந்தார், அவரையும் தெரியும் என்றார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

நிரலையும் படித்தேன். அவர் ஆரம்பத்தில் எழுதி உலகத்தின் பார்வைக்கு வைத்திருந்த பக்கத்தைப் படித்தேன். இடையிடையே தனக்குத் தானே குறிப்பு எழுதும் பழக்கம் அவருக்கு. "இது ஏன் வேல செய்யுதுன்னு எனக்கே தெரியாது, யாரும் கை வச்சிராதீங்க" என்று ஓர் இடத்தில் இருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியத்திலிருந்து, அங்கே இருந்த ஆகப் புதிய பதிப்பை இறக்கினேன். படித்தது ஒன்று, எடுத்தது இன்னொன்று. அந்த இடைவெளியை நான் கவனிக்கவே இல்லை.

அப்போது படிவத்தில் பதினொரு கேள்விதான். "எழுதியவரின் நம்பகத்தன்மை" என்ற இடத்தில் ஒரே சொல் எழுதினேன்: தெரிந்தவர். கீழே என் கையெழுத்து. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். எனக்கு அது குஞ்சுகூட இல்லை, பக்கத்து மரத்துக் காக்கை.

திங்கட்கிழமை தொடக்க விழா என்று முடிவாயிற்று. தோட்டத்து மேனேஜர், பெரிய தொரை வருகிறார், கருவிகளைத் தந்த அமைப்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், பூமாலைக்கும் சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமை காலை என் படிவத்தைக் கையில் பிடித்தபடி நம் மேலாளர் என் மேசைக்கு வந்தார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கணித ஆசிரியராக ஹட்டனுக்கு வந்து, இந்தக் குளிரையும் எங்களையும் விட்டுப் போக மனமில்லாமல் இங்கேயே தங்கியவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை சேர் என்பேன்.

"அக்கா, இந்தத் தூதை எழுதினவரைத் தெரியும் எண்டு போட்டிருக்கிறியள்."

"ஆமா சேர். தலவாக்கலப் பக்கம். நம்ம ஆளு."

"நல்லது. போன மாசம் வந்த பதிப்பை ஆர் வெளியிட்டது?"

"அவருதான். வேற யாரு?"

"பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை. ஆனால் பார்க்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதில் கோபம்தான் வந்தது.

"மலநாட்டு ஆளு எழுதினா மட்டும் ஒங்களுக்கு சந்தேகம் வருதா சேர்? வெள்ளக்காரன் எழுதியிருந்தா கேக்காம எடுத்திருப்பீங்க."

அலுவலகமே நிமிர்ந்து பார்த்தது. யாழ்ப்பாணத்தார் எங்களைக் குறைத்துப் பார்த்த அந்தப் பழைய புண் மலைநாட்டாருக்குள் எப்போதும் இருக்கும், தொட்டால் வலிக்கும். அவர் முகம் சுருங்கியது, ஆனால் குரல் உயரவில்லை.

"கோவிக்காதேங்கோ அக்கா. என்ர சொந்தத் தம்பி எழுதினாலும் இதைத்தான் கேப்பன். எழுதினது ஆர் எண்டு நான் கேக்கேல்ல. கடைசியாக் கை வைச்சது ஆர் எண்டு கேக்கிறன். ஒருக்கா வடிவாப் பாருங்கோ."

அவர் தவறு என்று காட்டுவதற்காகத்தான் பார்க்க உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கடமை உணர்ச்சி எல்லாம் ஒன்றுமில்லை.

களஞ்சியத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் பக்கத்தில் வெளியிட்டவர் பெயர் இருக்கும். கடைசி இரண்டிலும் சுதாகர் இல்லை. வேறு ஒரு பெயர் இருந்தது. அந்தக் கணக்குத் திறந்தே ஒரு வருடம்தான். சரி, உதவிக்கு ஆள் வைத்திருப்பார் என்று நினைத்தேன். அந்த இரண்டு பதிப்புகளின் மாற்றக் குறிப்புகளைப் படித்தேன். சுத்தமான ஆங்கிலம், ஒரு பிழை இல்லை, சிரிக்க ஒரு பகிடி இல்லை. சுதாகரின் கை இதில் படவே இல்லை என்று அங்கேதான் எனக்குத் தோன்றியது.

தோட்டத்தில் காலையில் பெரட்டு வைப்பார்கள். பெயர் கூப்பிட, ஆள் முன்னால் வந்து நிற்க வேண்டும். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் சித்தி போய் அம்மா பெயருக்கு "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மலைக்கு ஏறிவிடுவார். கங்காணி கண்டும் காணாமல் விடுவார். ஆனால் சாயந்தரம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் மேற்பார்வைக்கு நிற்கும் கண்டாக்கு ஐயா கூடையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்ததும் கேட்டுவிடுவார்: "இன்னிக்கு ஒங்கக்கா வரலையா?" அம்மா கிள்ளுவது ஒரு மாதிரி, சித்தி ஒடிப்பது ஒரு மாதிரி. எங்கள் சித்தி பாவம், நல்ல மனசோடு நின்றவர். தூதில் சுதாகர் இடத்தில் நின்றது யார் என்று எனக்குத் தெரியாது.

சுதாகர் வெளியே வைத்திருந்த பக்கத்தையும், களஞ்சியத்திலிருந்து இறங்கிய பொட்டலத்தையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒப்பிட்டேன். பொட்டலத்தில் ஒரு கோப்பு கூடுதலாக இருந்தது. மழைத்துளிப் படம் என்று பெயர். திறந்தால் படம் வரவில்லை. படத்துக்குள் ஒளித்து வைத்த நிரல் அது.

ஒரு பழைய மடிக்கணினியை எடுத்து, வெளியுலகத் தொடர்பு ஒன்றும் இல்லாமல் அடைத்து, அது யாரைக் கூப்பிடப் பார்க்கிறது என்று மட்டும் தெரிகிற மாதிரி ஒரு பொறி வைத்தேன். உள்ளே பொய்யான பெயர்ப் பட்டியல் ஒன்றைப் போட்டேன். என்னைப் பள்ளிக்கூடத்தில் அடித்த ஆசிரியர்களின் பெயர்கள், வாயில் வந்த நம்பர்கள். பிறகு தூதை நிறுவினேன். மழை அளவைக் கேட்கும் முன்னாலேயே அது முதலில் செய்த காரியம், அந்தப் பட்டியலைத் திறந்து அப்படியே எங்கோ ஒரு முகவரிக்கு அனுப்பப் பார்த்தது. அடுத்து, அதே முகவரியிலிருந்து செய்தி ஏதும் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தது. வந்திருந்தால் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் அதை அனுப்பியிருக்கும். நம் பெயரில்.

செல்வமணியின் கொப்பி என் மேசை மேல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நம்பர்களை ஏற்றுவதாக இருந்தேன். அறுபது வீட்டு நம்பர்களும் முகம் தெரியாத ஒருவன் கைக்குப் போயிருக்கும். அதைவிட மோசம், அவன் நினைத்தால் வெயிலில் ஆட்களை ஓட வைக்கலாம், மழையில் பேசாமல் இருக்க வைக்கலாம். இரண்டு முறை பொய்யாக ஓடியவர்கள் மூன்றாம் முறை எழுந்திருக்க மாட்டார்கள். அவர்கள் நோர்வூட்டு ஆள் என்று என்னை நம்பினார்கள், நான் தலவாக்கலை ஆள் என்று அவரை நம்பினேன். இரண்டும் ஒரே மாதிரி நம்பிக்கைதான்.

எழுந்து மேலாளர் அறைக்குப் போனேன். "சேர், நான் பாக்கல. நீங்க கேட்டது சரி. அப்படி பேசுனது என் தப்பு."

அவர் மன்னிப்பை எல்லாம் காதில் வாங்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்து முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"திங்கட்கிழமைக்கு எல்லாருக்கும் சொல்லியாச்சு. அந்த ஆள் கை வைக்க முந்தின பழைய பதிப்பைப் போட்டு ஒப்பேத்துவமோ? அது சுத்தம்தானே?"

இந்த இடத்தில்தான் பிள்ளைகளே, நான் இன்றைக்கும் என் முதுகில் நானே தட்டிக்கொள்கிறேன். "சுத்தம்தான்" என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. சொல்லியிருந்தால் விழாவும் நடந்திருக்கும், என் தவறும் இரண்டு பேரோடு போயிருக்கும்.

"சேர், பழசையும் நான் அவரு பேருக்காகத்தான் நல்லதுன்னு சொன்னேன். படிச்சேன், இல்லங்கல. ஆனா ரசிச்சு படிச்சேன். சந்தேகப்பட்டு படிக்கல. ஒவ்வொரு வரியா படிச்சு முடிக்காம என் கையெழுத்து அதுல விழாது."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு போனை எடுத்து, பெரிய தொரையில் தொடங்கி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விழா இல்லை என்று சொன்னார். எல்லாரிடமும் ஏச்சு வாங்கினார். எங்கேயும் என் பெயரைச் சொல்லவில்லை, "நாங்கள் பிழை விட்டிட்டம்" என்றே சொன்னார். அந்த மனிதர் மேல் எனக்கு இருக்கும் மரியாதை அன்றைக்கு வந்ததுதான்.

மறுநாள் சனிக்கிழமை. பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறி, இறங்கி, மேல் டிவிசனுக்கு நடந்தேன். செல்வமணி மலையிலிருந்து வந்து அப்போதுதான் காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன மிஸ், திங்கக்கெழம இல்லையா வர்றதா சொன்னீங்க?"

"திங்கக்கெழம இல்ல செல்வமணி. மெசேஜ் அனுப்புற சாமானுக்குள்ள வெளியாளு ஒருத்தன் பூந்துட்டான். ஒங்க நம்பர் ஒன்னும் போகல, நாங்க இன்னும் உள்ளுக்கு போடல. ஆனா போட்டிருந்தா போயிருக்கும். நான்தான் சரியா பாக்காம விட்டுட்டேன்."

அவர் முகம் மாறியது. நான் பையிலிருந்து கொப்பியை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"இது ஒங்ககிட்டயே இருக்கட்டும். சரியானதுக்கு அப்புறம் நானே வந்து வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் எங்க பேர்ல என்ன மெசேஜ் வந்தாலும் நம்பாதீங்க."

கொப்பியைப் புரட்டினார், மூடினார். பிறகு மேலே சரிவைப் பார்த்தார்.

"அதுக்குள்ள மழ பேஞ்சா?"

அந்தக் கேள்விக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. அங்கேயே லயத்து வாசலில் நாலைந்து பேரைக் கூட்டி வைத்துப் பேசினோம். மழைமானியை மணிக்கொரு தடவை ஒருவர் பார்ப்பது, அளவு கிட்டினால் செல்வமணிக்குப் போன், அவரும் இன்னும் மூன்று பேரும் கதவு கதவாகத் தட்டுவது. பழைய முறைதான், கால் வலிக்கும், ஆனால் யார் தட்டுகிறார் என்று கதவைத் திறந்தால் தெரியும். மழை அளவை எனக்கும் சொல்லச் சொன்னேன். அடுத்த நாட்களில் இரண்டு தடவை மழை கனத்தது. அளவைத் தொடவில்லை. என் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

பஸ்ஸில் திரும்பும்போதே சுதாகருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, நான் சாவிய குடுத்துட்டேன்கா" என்றார். "எட்டு மாசமா அவன் ஒதவி செஞ்சான். நான் விட்ட பிழையெல்லாம் திருத்தி அனுப்புவான். எனக்கு பிள்ள பொறந்து, அதுக்கு சொகமில்லாம, ஆஸ்பத்திரியும் வீடுமா அலைஞ்சேன். அந்த நேரம் பாத்து யார் யாரோ ஏன் புது பதிப்பு வரலன்னு கத்துனாங்க. இவன் மட்டும் பிள்ளைக்கு எப்படி இருக்குன்னு கேட்டான்கா. அதான் வெளியிடுற உரிமையையும் அவன்கிட்ட குடுத்துட்டேன்."

அந்தக் கத்தியவர்களும் அவனுடைய ஆட்களாகவே இருக்கலாம் என்று பிறகு நாங்கள் நினைத்தோம். நிச்சயமாகத் தெரியாது. அவரை ஏச எனக்கு வாய் வரவில்லை. அவரிடம் ஒருவன் பிள்ளையின் சுகம் கேட்டான், என்னிடம் ஒருவர் டிவிசன் பெயரைச் சொன்னார், இரண்டு பேரும் உருகிவிட்டோம்.

விழா நடக்க வேண்டிய அந்தத் திங்கட்கிழமை, சுதாகர் ரயிலில் வந்தார். ஹட்டனுக்கு முந்தின ஸ்டேசன் றொசல்லையைத் தாண்டும்போது ஒரு போன். "அக்கா, ஏசுவீங்களா?" என்றார். "மொதல்ல சாப்பிடு, அப்புறம் ஏசுறேன்" என்றேன். வந்ததும் முதல் வேலையாகச் சாவியை மாற்றி, களஞ்சியத்தாருக்கு எழுதி அந்த இரண்டு பதிப்புகளையும் இறக்க வைத்தார். தூதைப் பயன்படுத்தும் எல்லாருக்கும், நடந்ததை ஒளிக்காமல், தன் பெயரிலேயே அறிவித்தார். அந்த அறிவிப்பில், இதைக் கண்டுபிடித்தவர் நோர்வூட் ரீட்டா என்று ஒரு வரி இருந்தது. எங்கோ ஒரு நாட்டில் ஆற்று வெள்ளத்துக்குத் தூதை வைத்திருந்த ஒருவர் நன்றி சொல்லி எனக்கு எழுதினார். அந்தக் கடிதத்தை அச்செடுத்து அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வந்தால் பார்க்கலாம்.

அதன் பிறகு பழைய பதிப்புக்கு நாங்கள் பெரட்டு வைத்தோம். மேலாளர், சுதாகர், நான். ஒருவர் ஒரு வரியைச் சத்தமாகப் படிக்க வேண்டும். அந்த வரி எதற்கு நிற்கிறது என்று, எழுதியவரைத் தவிர மற்ற இருவரில் ஒருவர் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் வரி வெளியே போக வேண்டும், அல்லது புரிகிற மாதிரி திருப்பி எழுத வேண்டும். "ஏன் வேல செய்யுதுன்னு எனக்கே தெரியாது" என்ற இடத்தில் மட்டும் ஒரு முழு நாள் போனது. கடைசியில் அதற்குக் காரணம் கண்டுபிடித்தவர் மேலாளர். தூது இன்னும் நாலு வேறு பேக்கேஜ்களைத் துணைக்குக் கூட்டி வந்திருந்தது. அவற்றையும் நிறுத்தி விசாரித்து, இரண்டைத் திருப்பி அனுப்பினோம். ஆறாம் நாள் முடிவில் நிரல் பாதியாகிவிட்டது. அதில் எந்த வரியைத் தொட்டாலும் மூன்று பேருக்கும் அதன் வேலை தெரிந்திருந்தது.

அந்த வாரம்தான் ஐந்தாவது கேள்வியைப் படிவத்தில் சேர்த்தோம். முன்பாதி மட்டும் போதும் என்றார் மேலாளர். பின்பாதியை நான்தான் பிடிவாதமாகச் சேர்த்தேன்.

பிறகு நான் மறுபடி மேல் டிவிசனுக்குப் போனேன். "இப்ப நம்பலாம் செல்வமணி" என்று சொல்லிக் கொப்பியை வாங்கி வந்தேன். நம்பர்களை ஏற்றி முடித்ததும் கொப்பியைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விழா வைக்கவில்லை. மாலை வாங்க யாருக்கும் மனமில்லை.

முதல் செய்தி ஒரு புதன்கிழமை மத்தியானம் போனது. எல்லாப் போனும் அடித்தது, எழுத்தும் கட்டமாகவில்லை. ஆட்கள் மலையிலிருந்தும் லயத்திலிருந்தும் நனைந்துகொண்டே பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். சாயந்தரம் வரை இருந்தார்கள். சரிவில் ஒரு கல் உருளவில்லை. அளவு தாண்டியது உண்மை, மண்தான் அசையவில்லை. நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். மழைக்குப் போர்த்தியிருந்த கொங்காணியைப் பிழிந்தபடி ஒருவர் என் காதில் விழவே சொன்னார்: "சும்மா நனைஞ்சதுதான் மிச்சம்." அடுத்த தடவை இவர் வருவாரா?

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து கோயில் படியில் இறங்கும்போது என் போன் அடித்தது. தூது. அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன், நோர்வூட்டில் த்ரீவீல் எடுத்தேன், வழி நெடுக மழை. பாதிவழியில் செல்வமணிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. திருப்பித் திருப்பிப் போட்டேன். அந்த அரை மணி நேரத்தை இனி ஒரு தடவை தருகிறேன் என்றாலும் நான் வாங்க மாட்டேன்.

கீழ் லயத்தின் ஒரு பக்கம் இல்லை. நாலு வீட்டுச் சமையல் குசினியும் பின்சுவரும் மண்ணுக்குள் போயிருந்தன. கடைசி வீடு செல்வமணியுடையது. எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். மண்டபம் நிறைய ஈர வாடை. பிள்ளைகள் அழுகிறார்கள், யாரோ பிளேன்டீ ஊற்றுகிறார்கள். மேடைக்கு முன்னால் செல்வமணி நின்று, கொப்பியைப் பிரித்து வைத்துக்கொண்டு பெயர் பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "இருக்கேன்", "இருக்கோம்" என்று சத்தம் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். கடைசிப் பக்கம் வரை கோடு விழுந்தது. போன தடவை சும்மா நனைந்தேன் என்றவரும் ஒரு மூலையில் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு "இருக்கேன்" என்றார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

செல்வமணி கொப்பியை மூடிவிட்டு என்னிடம் வந்தார். அவர் வீடு போய்விட்டது, ஆனால் எனக்குத்தான் அவர் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"போன தடவ சும்மா நனைஞ்சீங்களே. இந்த தடவ எப்படி ஒருத்தர் மிச்சமில்லாம வந்தீங்க?"

"கொஞ்ச பேரு வரமாட்டேன்னுதான் சொன்னாங்க மிஸ்" என்றார். "நான்தான் ஏசி கூட்டிட்டு வந்தேன். எங்க லயத்துல வந்து பேரு எழுதிட்டு போனவங்க எத்தனையோ பேரு. வீடு கட்டித் தர்றோம்னு எழுதுவாங்க, தண்ணி பைப் போட்டுத் தர்றோம்னு எழுதுவாங்க. இன்னும் சரியில்ல, என் தப்புன்னு சொல்லி, எழுதுன கொப்பிய திருப்பிக் கொண்டாந்து குடுத்தவங்க நீங்க ஒருத்தர்தான். அவங்க அனுப்புன மெசேஜ்னு சொன்னேன். எல்லாரும் எந்திரிச்சு வந்துட்டாங்க."